மடலும் மேலுறையும்

கணினியில் எழுதப்பெறும் கட்டளைநிரல் ஒன்று தொலைவிலுள்ள இணைய வழங்கிக்குச் செய்தி விடுத்தல், அஞ்சலில் மடல் விடுப்பதை ஒத்தது. அம்மடல் இந்நாளிற் பெரும்பாலும் ஜேசன் என்னும் வடிவினது. டக்ளஸ் குரொக்ஃபோர்ட் என்பார் 2001ஆம் ஆண்டளவில் வரையறுத்தது அது. அதன்கண் பெயர்கள் இரட்டை மேற்கோட்குறிக்குள் அடங்குதல் வேண்டும், ஒற்றைக்குறி ஏலாது.

மடல் செம்மையாயினும் மேலுறை பிழைத்தல் உண்டு. டேனியல் ஸ்டென்பெர்க் ஆக்கிய கர்ல் என்னும் கருவி, தரவை அனுப்புமாறு மட்டும் பணித்தால், அதனைப் படிவத் தரவென்றே மேலுறையிற் பொறிக்கும். ‘அப்ளிகேஷன்/ஜேசன்’ எனக் குறிக்க மறந்தால் வழங்கி 415 என்னும் எண்ணுடன் மறுத்துவிடலாம். 2022இல் இதற்கெனத் தனித் தெரிவொன்று அக்கருவியிற் சேர்ந்தது.

இவற்றினும் நுண்ணியது நீளக் கணக்கு. மேலுறையிற் குறிக்கப்பெறுவது எழுத்துக்களின் தொகையன்று, பைட்டுகளின் தொகை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாதலின் பிழை ஒளிந்து கிடக்கும். ‘தமிழ்’ என்பதோ கண்ணுக்கு 3 எழுத்து. யுனிக்கோடில் 5 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். எழுத்தெண்ணிக் கணக்கிட்ட நிரலிடமிருந்து வழங்கி பெறுவது வாலறுந்த மடலே; இறுதி அடைப்புக்குறியும் வந்து சேராது. நோயாளியின் பெயரைத் தமிழில் அனுப்பிய நிரலாளர் 400 என்னும் மறுப்பைக் கண்டு, தமிழே ஆகாதெனத் துணிந்து ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுதலும் கூடும். அந்தோ, வீண் பழி!

பைத்தன் மொழியின் ரிக்குவெஸ்ட்ஸ் நூலகம் நீளத்தையும் வகையையும் தானே கணித்துப் பொறிக்கும்.