பங்குக் கிணறும் பெண்கள் பாடசாலையும்

(வலிகாமத்திலுள்ள பெண்கள் பாடசாலை ஒன்றிற் கூடிய பெற்றார், பழைய மாணவியர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பாடசாலைக் கூட்டங்களிலே பேச வருவோர் முதலிற் பாராட்டி, பின்னர் வாழ்த்தி, இறுதியில் நன்கொடை வேண்டி அமர்வது வழக்கம். இன்று அவ்வழக்கத்துக்கு மாறாக நடக்க எனக்கு அனுமதி தரவேண்டும். உங்களிடம் பணம் கேட்க நான் வரவில்லை. பணத்திலும் அரிதான ஒன்றைக் கேட்க வந்திருக்கின்றேன். அது யாதெனக் கூறுமுன், என் தொழிலிலே நேர்ந்த ஒரு சம்பவத்தை நீங்கள் செவிமடுத்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வெங்காயமும் புகையிலையும் செய்கின்ற கமக்காரர் ஒருவர் தமது காணி உறுதியைத் துணிப்பையிற் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். நாலு பரப்புத் தோட்டக் காணி. அதனோடு கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும். அதனை ஈடு வைத்துப் பணம் பெறவேண்டும், உறுதி எழுதித் தாருங்கள் என்றார். பயிர் அழிந்துவிட்டதோ என வினவினேன். இல்லை என்றார். மூத்த மகள் பத்தாம் வகுப்பிற் படிக்கின்றாள். ஊர்ப் பாடசாலையில் இரண்டு தவணையாகக் கணித ஆசிரியர் இல்லை. பட்டினத்துப் பாடசாலையிற் சேர்த்து, விடுதிக்கும் தனி வகுப்புக்கும் பணம் கட்டவேண்டும் என்றார். அந்தக் காணியோ இரண்டாம் மகளுக்குச் சீதனமாக எழுத வைத்திருந்த காணி. ஒரு மகளின் கல்விக்காக மற்ற மகளின் நிலம் ஈட்டுக்குப் போகின்றது.

"பெற்றார் கூட்டங்களுக்குப் போவதில்லையா?" என்று கேட்டேன்.

"போறனான் ஐயா. வாசல் வளைவு கட்டக் காசு கேட்டவை, குடுத்தனான்."

"கணித ஆசிரியரைப் பற்றிக் கேட்டீர்களா?"

அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "அது எங்கடை வேலையே, ஐயா?" என்றார்.

தவணை காத்திராது, ஆகவே உறுதியை எழுதிக் கொடுத்தேன். நொத்தாரிசு என்ற முறையில் அதிலே என் கையொப்பமும் உண்டு. அக்கையொப்பத்தை நினைக்குந்தோறும் எனக்கு வெட்கமே உண்டாகின்றது. ஏனெனில், அவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று விடை கூறவில்லை. இன்று இம்மேடையிலே கூறுகின்றேன்: ஆம், அது உங்கள் வேலையே!

அன்பர்களே! பாடசாலை என்பது பிறர் நடத்துவது, நாம் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கைகட்டி நிற்பது என்ற எண்ணம் எமக்கு எங்கிருந்து வந்தது? வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தால் விளங்கும்.

1824ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனரிமார் உடுவிலிற் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை நிறுவினர். பெண் பிள்ளையை எழுத்துப் படிக்க அனுப்புவது அக்காலத்தில் எம்மவர்க்குப் புதுமை. பெற்றார் பெரிதும் தயங்கினர். ஆகவே உணவையும் உடையையும் மிசனே கொடுத்தது. படித்து முடித்த பெண்ணுக்கு விவாகத்தின்பொழுது சீதனமுங்கூட மிசனே கொடுத்தது. எலைசா அக்னியு அம்மையார் 1840 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். முதலிற் படித்த மாணவியர் தாய்மாராகித் தம் புதல்வியரை அவரிடமே அழைத்து வந்தனர். காலப்போக்கிற் சீதனம் வாங்கிய நிலை மாறி, பெற்றார் தாமே கட்டணம் செலுத்தும் நிலை பிறந்தது. இம்மாற்றத்தைச் செய்தவர் யாவர்? கல்வியின் பயனைத் தம் வாழ்விலே கண்ட அத்தாய்மாரே! பழைய மாணவியர் சங்கம் என்ற பெயர் இல்லாத காலத்திலேயே அதன் வேலையைச் செய்தவர்கள் அவர்கள்.

பின்னர் 1913ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி கண்டார். ஒரு பெருமகனின் செல்வமும் உறுதியும் ஓர் இனத்தின் புதல்வியர்க்குக் கல்விக் கோயிலைத் தந்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. உடுவில் மகளிர் கல்லூரி தனியார் பாடசாலையாகவே நிலைத்தது. இராமநாதன் கல்லூரி அரசாங்கப் பாடசாலையாயிற்று. இந்நாட்டின் மேற்குக் கரையிலே கத்தோலிக்கப் பெற்றார், பாடசாலைகளைக் கையளிக்க மறுத்து, 1961 தொடக்கம்வரை அவற்றினுள்ளே இராப்பகலாகத் தங்கியிருந்தனர். அவர்களுடைய நோக்கத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆயின் பாடசாலை யாருடையது என்ற கேள்விக்கு விடை அவர்களிடம் இருந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது.

எம்மிடையே நிகழ்ந்தது யாது? மிசன் கொடுத்தது, வள்ளல் கொடுத்தார், அரசாங்கம் கொடுத்தது. கொடுத்த கை இரண்டு முறை மாறிற்று; வாங்கிய கை மாத்திரம் மாறவில்லை. வாங்கிப் பழகியவன் குறை சொல்வான், கணக்குக் கேட்கமாட்டான். இதுவே எங்கள் நோய்.

இங்கே கமக்காரர் பலர் இருக்கின்றீர்கள். உங்கள் மொழியிலேயே சொல்கின்றேன். எங்கள் உறுதிகளிலே "கிணற்றிற் பங்கு" என்று எழுதுகின்றோம். பங்குக் கிணற்றின் நியாயம் உங்களுக்குத் தெரியும். எட்டில் ஒரு பங்கு உடையவனும் தன் முறை நாளிலே இறைக்கலாம். ஆயின் கோடையிற் கிணறு கலக்கிச் சேறெடுக்கும்பொழுது, தன் பங்குக்குரிய ஆளையோ கூலியையோ அவன் கொடுத்தல் வேண்டும். ஊரைவிட்டுப் போனாலும் பங்கு அழியாது. பங்கின் பொறுப்பும் அழியாது. கிணற்றடியிலே அழகான தூண் நாட்டிவிட்டுச் சேறெடுக்க வராதவனை நீங்கள் நல்ல பங்காளி என்று சொல்வீர்களா?

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எங்கள் சகோதரியரை நான் குறை கூறவில்லை. குளிரிலே இரட்டை வேலை செய்து அவர்கள் அனுப்பும் பணம் புனிதமானது. அதனாலேயே அது வளைவாகவும் சிலையாகவும் பெயர்ப்பலகையாகவும் முடிவதைக் கண்டு நெஞ்சு பொறுக்கவில்லை. 1995 ஒக்டோபரிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது எங்கள் பாடசாலைகளுக்கு வளைவு இருந்ததா? சுவர்தான் இருந்ததா? தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பிறர் கட்டடங்களிலே, அவர்கள் பிள்ளைகள் வீடு சென்ற பின்னர், மாலை வேளையில் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். ஆசிரியர் இருந்தார், மாணவி இருந்தாள், அவளை அனுப்பத் துணிந்த தாய் இருந்தாள். ஆகவே பாடசாலையும் இருந்தது. இன்று வளைவு இருக்கின்றது. கணித ஆசிரியர் இல்லை. எது பாடசாலை?

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. சாதியின் பெயரால் எம்மவரையே கிணற்றடியில் நின்று தண்ணீருக்குக் காத்திருக்க வைத்த சமுதாயம் எங்கள் சமுதாயம். அதைக் குற்றமாக்க 1957ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. பாடசாலை என்னும் கிணற்றிலே அப்பழி மீண்டும் நேரக்கூடாது. சங்கத்தின் பதவிகளுக்கு "நல்ல குடும்பம்" தேடுவதும், கூலித் தொழிலாளியின் மனைவியைப் பின் வாங்கிலே இருத்துவதும் அதே பழியின் மறு உருவமே.

அடுத்து, தாய்மாருக்கு ஒரு சொல். இம்மண்டபத்திலே பெண்களே பெருந்தொகையினர். ஆயின் பெண்கள் பாடசாலைகளிலேகூடச் சங்கப் பதவிகள் பலவற்றில் ஆண்களே அமர்வதை நான் பல ஊர்களிற் கண்டிருக்கின்றேன். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கின்றது. அது மாறவேண்டிய சட்டம் என்பது என் கருத்து. ஆனால், தாயே, பாடசாலைச் சங்கத்திலே உன் கையை உயர்த்துவதற்கு எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை! எந்தச் சட்டமும் கட்டாத கையை நீயாகவே கட்டிக்கொள்வது ஏன்?

இனி, செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, ஆண்டுக் கூட்டத்தின் முதல் விடயம் ஆசிரியர் பற்றியதாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், கடமையில் உள்ளோர் எத்தனை பேர் என்ற பட்டியல் வாசிக்கப்படவேண்டும். குறை இருந்தால், வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்திற் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரசைக்கும் அவ்வுரிமையை அளிக்கின்றது. ஏன் கேட்கின்றீர் என்று எவரும் உங்களைக் கேட்க முடியாது. 14 வேலை நாள்களுள் தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும். தனியொருவர் கேட்டாற் கோப்பு உறங்கும் என்று அஞ்சினால், நூறு பெற்றார் நூறு கடிதம் எழுதுங்கள்.

இரண்டாவது, வகுப்புக்கு வராத பிள்ளையைத் தேடிப் போகவேண்டும். கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லையை 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஐந்து முதல் பதினான்கு என வகுத்தன. 2016இல் அது பதினாறாக உயர்த்தப்பட்டது. சட்டம் கதவைத் தட்டாது, மனிதரே தட்டவேண்டும். பெண் பிள்ளை பாடசாலையை விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே இருக்கும்: நோயுற்ற தாய், பார்த்துக்கொள்ள வேண்டிய தம்பி, பேருந்து இல்லாத வழி, சொல்ல வெட்கப்படும் வறுமை. உத்தியோகத்தரிடம் சொல்லாததை, அதே பாடசாலையிற் படித்த அயல்வீட்டு அக்காவிடம் அப்பிள்ளை சொல்வாள். இவ்வேலையைப் பழைய மாணவியரைவிடச் சிறப்பாகச் செய்யவல்லார் வேறு யாவர்?

மூன்றாவது, ஆசிரியர் வரும்வரை சங்கம் தன் செலவிலே ஒருவரை அமர்த்துவதாயின் அமர்த்துக. பிள்ளையின் காலம் திரும்பி வராது. ஆயின் அன்றே அரசாங்கத்துக்குக் கடிதமும் எழுதுக. ஆசிரியர் வரும்வரை மாதந்தோறும் எழுதுக. நாம் ஓட்டையை அடைத்துவிட்டோம் என்று அவர்கள் நிம்மதியாக இருக்க இடமளித்தால், எங்கள் தொண்டே எங்கள் உரிமைக்குக் குழி தோண்டும்.

நான்காவது, வரவு செலவு ஒவ்வொரு தவணையிலும் தமிழிலே, எல்லார்க்கும் விளங்கும்படி வாசிக்கப்படவேண்டும். கடல் கடந்து வந்த ஆயிரம் பவுணும், கமக்காரர் தந்த நூறு ரூபாவும் ஒரே கொப்பியில் எழுதப்படவேண்டும். பெருந்தொகை தந்தவர்க்குப் பெரிய வாக்கு என்ற நிலை வருமாயின், அன்றோடு அது பொதுச் சங்கமாகாது.

இங்கே ஓர் எல்லையையும் வகுத்தல் வேண்டும். அதிபரின் வேலை அதிபருடையது, வகுப்பு ஆசிரியருடையது. யாருக்கு எந்த வகுப்பு, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பரிசு என்று சங்கம் தலையிடுமாயின், அது உரிமை ஆகாது, தொல்லையாகும். கிணற்றிற் பங்கு உடையவன் பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கிப் பாத்தி கட்டுவதில்லை.

நான் ஓர் அரசியற்காரன். ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் கல்வி நிதியும் எங்கள் மக்களின் கையில் இருத்தல் வேண்டும் என்று மேடைதோறும் பேசி வருகின்றேன், இனியும் பேசுவேன். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம், தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த பாடசாலைகளை மாகாண சபைகளுக்கு உரியவையாக்கியது. அவ்வதிகாரம் முழுமையாக வழங்கப்படவில்லை என்பது எங்கள் முறையீடு. ஆயினும் என் மனச்சாட்சி என்னைக் கேட்கின்றது: அதிகாரம் முழுவதும் கைக்கு வரும் நாளில், அதைக் கையாளப் பழகிய கை எங்கே? ஒரு பாடசாலைக் கூட்டத்திலே கணக்குக் கேட்க நாணுகின்ற சமுதாயம், ஒரு மாகாணத்தின் வரவு செலவை எங்ஙனம் ஆளப்போகின்றது? தன்னாட்சி கொழும்பிலே கைச்சாத்தாவதற்கு முன்னர், இத்தகைய மண்டபங்களிலே பழக்கமாக வேண்டும்.

என்னிடம் உறுதியோடு வந்த அக்கமக்காரரை மீண்டும் நினைக்கின்றேன். அவர் படியாதவராக இருக்கலாம். மகளின் கல்விக்காகத் தோட்டத்தையே ஈடு வைத்தார். அத்தகைய மக்களிடம் தியாகம் குறைவாக இல்லை. குறைவாக இருந்தது, "கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு" என்ற ஓர் எண்ணமே. அவ்வெண்ணத்தையே பணத்திலும் அரிதான ஒன்று என்று தொடக்கத்திலே கூறினேன். அதனை இன்று இங்கிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்பொழுது, நன்கொடைப் பணத்தை மறந்தாலும் மறவுங்கள். ஒரு கேள்வியை மறவாமற் கொண்டு வாருங்கள்.

இனி ஒரு தந்தையும், ஒரு மகளின் படிப்புக்காக மற்ற மகளின் காணியை ஈடு வைக்க என் வாசலுக்கு வராதிருக்கட்டும். அப்பொழுது என் தொழிலில் ஓர் உறுதி குறையும். அக்குறைவை நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.