பூச்சரமும் எழுத்துச் சரமும்

(பட்டர்வொர்த்தில் நடைபெற்ற பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இந்நாளில் சான்றிதழ்கள் கணினியில்தான் அச்சாகின்றன. எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைப்பதை, நிரல் எழுதுவோர் ‘சரம்’ என்கிறார்கள். நம் அம்மாமார்களுக்குச் சரம் தெரியும். பூவுக்கும் பூவுக்கும் நடுவிலேதான் நறுக்குவார்கள். பூவின் மேல் கத்திரி போட மாட்டார்கள். கணினிக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாணவியின் பெயர் ஐ.சி.யில் ‘மீனா குமாரி ஏ/பி கோவிந்தன்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி கண்ட இடமெல்லாம் நறுக்கச் சொன்னால் நான்கு துண்டாகிவிடும். மீனா ஒரு பக்கம், குமாரி ஒரு பக்கம்! ‘ஏ/பி’ இருக்கும் இடத்தில் மட்டும் நறுக்கச் சொன்னால், முன்னே மகள், பின்னே அப்பா. சரியாக வரும்.

அடுத்து, அப்பாவின் பெயரைத் தமிழில் கொடுத்து, தலைப்பெழுத்தை எடுக்கச் சொல்கிறோம். ‘கோ’ வரவேண்டும். ஆனால் ‘க’ வந்து நிற்கும்! ஏன்? 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில், நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. ‘க’ ஓர் இடம். ஓகாரக் குறி இன்னோர் இடம். பைத்தன் போன்ற நிரல்மொழிகள் அந்த இடங்களைத்தான் எண்ணும். ‘பள்ளி’ நமக்கு மூன்று எழுத்து. பைத்தனுக்கு ஐந்து: ப, ள, புள்ளி, ள, இகரக் குறி. கடைசி ஒன்றை நறுக்கினால் பள்ளி ‘பள்ள’ ஆகிவிடும்!

இதற்கு மருந்து உண்டு. புள்ளியையும் உயிர்க்குறியையும் முன்னுள்ள எழுத்தை விட்டுப் பிரிக்காதே என்று விதி எழுத வேண்டும். ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் இலவச நிரல் தொகுப்பில் அந்த வேலையைச் செய்தே வைத்திருக்கிறார்கள். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று தெரிந்தவர்களால்தான் அந்த விதியை எழுத முடியும். நம் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே படிக்கும் பாடம் அது.

“தமிழ் படிச்சு என்ன ஆகப் போவுது?” என்று கேட்கிறவர்கள் உண்டு. ஐயா, உங்கள் பெயரின் முதல் எழுத்து உங்கள் பிள்ளையின் சான்றிதழில் முழுசாக வரவேண்டுமானால், தமிழ் எழுத்து தெரிந்த பிள்ளை ஒன்று கணினி முன்னால் உட்கார வேண்டும். அந்தப் பிள்ளை இந்த மண்டபத்திலிருந்தே வரட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.