விழாத சீட்டின் காசு எந்த ஊருக்கு?

(காஞ்சிரங்குளத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லாட்டரிச் சீட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்ததைக் கவனித்தோம். பயப்பட வேண்டாம். சீட்டு வாங்குகிறவனைத் திட்டுவதற்காக இந்தக் கூட்டம் கூட்டவில்லை. அந்த வேலையை வீட்டில் உள்ளவர்கள் எங்களைவிட நன்றாகவே செய்கிறார்கள். நாங்கள் கணக்குப் பேச வந்திருக்கிறோம்.

கேரள அரசு 1967-ல் தனியார் லாட்டரிகளைத் தடைசெய்து, தானே லாட்டரி தொடங்கியது. இந்தியாவில் முதலில் அப்படிச் செய்த அரசு அதுதான். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ல் நடந்தது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம். அதே 1968-ல் அண்ணாவின் ஆட்சியில் தமிழ்நாடும் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அன்று சொன்னதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் எல்லா லாட்டரியையும் தடைசெய்தது. கேரளத்தில் விற்பனை நிற்கவில்லை. இன்று வாரத்தில் ஏழு நாளும் குலுக்கல் உண்டு.

இதன் பலன் என்ன? 1956 நவம்பர் 1-ல் போட்ட எல்லைக்கோடு நம் வாசல் வழியாகத்தான் போகிறது. விளவங்கோடு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம். களியக்காவிளையில் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். கொஞ்ச தூரம் நடந்து பாறசாலைப் பக்கம் வந்தால் அதே சீட்டை அரசே விற்கிறது. வேலைக்கு வரும் கொத்தனாரும் சித்தாளும் இங்கே வாங்குகிறார்கள். வேலையே இல்லாதவர்களும் வாங்குவதற்கென்று பஸ் ஏறி வருகிறார்கள். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் வாளையாறில் விற்ற சீட்டுக்கு விழுந்தது. வாங்கியவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர். அந்தச் செய்தி வந்த வாரத்தில் நம் லைன் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. விழாத லட்சக்கணக்கான சீட்டுகளைப் பற்றி எந்தப் பேப்பர் எழுதும்?

கணக்குக்கு வருவோம். 2025-ல் சாதாரணச் சீட்டின் விலை 50 ரூபாய் ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். சீட்டின் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால், ஒரு சீட்டில் வரி மட்டும் ஏறக்குறைய 14 ரூபாய் 28 காசு. அதில் பாதி டில்லிக்கு, பாதி திருவனந்தபுரத்துக்கு. பரிசும் ஏஜெண்டு கமிஷனும் அச்சுச் செலவும் போக மிஞ்சுகிறதும் திருவனந்தபுரத்துக்கே. 2023-24-ல் கேரள லாட்டரியின் மொத்த விற்பனை பன்னிரண்டாயிரம் கோடியைத் தாண்டியது. தினம் ஒரு சீட்டு வாங்குகிறவன் மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறான். வருடத்துக்கு 18,250. இதைப் பெண்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சீட்டு விற்று வாழ்கிறவர்களை நாம் மறக்கவில்லை. கால் நடக்காதவர், கண் தெரியாதவர், வயதானவர் எத்தனை பேர் பஸ் ஸ்டாண்டில் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கென்று 2008-ல் சட்டம் போட்டு ஒரு நலநிதியும் உண்டு. லாட்டரியை நாளைக்கே மூடு என்று கேட்டால் அவர்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறோம். மூடினால் சூதாட்டம் ஒழியுமா என்பதும் சந்தேகம்தான். தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆனால் கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் திருட்டுத்தனமாக நடக்கும் மூணு நம்பர் லாட்டரியும் இருக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அந்தச் சூதில் கடன்பட்டு ஒரு குடும்பமே பிள்ளைகளோடு அழிந்தது. அதற்குமேல் சொல்ல மனம் வரவில்லை.

சரி, சேதம் எங்கே விழுகிறது? திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டிலா? இல்லை. வட்டிக்காரன் வந்து நிற்கும் லைன் வீட்டில் விழுகிறது. பிள்ளையின் ஸ்கூல் பீஸில் விழுகிறது. லாபம் தலைநகருக்கு, நஷ்டம் ஊருக்கு என்பது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆதிகுடி மக்கள், நம் பத்திரிகைகள் செவ்விந்தியர் என்று எழுதிவந்தார்களே அவர்கள்தான், தங்கள் நிலத்தில் காசினோ என்னும் சூதாட்ட விடுதிகள் நடத்துகிறார்கள். 1988-ல் அதற்குச் சட்டம் வந்தது. நிலத்தைப் பறிகொடுத்த மக்கள் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் பணம் தேடுகிறார்கள்; அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் பக்கத்து ஊர்களில் வண்டி பெருகுகிறது, போலீசுக்கும் தீயணைப்புக்கும் வேலை கூடுகிறது, சூதில் விழுந்தவன் குடும்பம் தெருவுக்கு வருகிறது. ஆகவே கலிபோர்னியாவில் 1999 ஒப்பந்தங்களின்படி சில பழங்குடிகள் ஒரு தனி நிதிக்குப் பணம் கட்டினார்கள். 2003-ல் வந்த சட்டம் அந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்ட ஊர் நிர்வாகங்களுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுக்க வழிசெய்தது. மாவட்டம்தோறும் ஒரு குழு. மாவட்ட நிர்வாகமும் நகரசபைகளும் பழங்குடிகளும் அதில் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வார்கள்.

அங்கேயும் ஓட்டை இருந்தது. 2007-ல் அந்த மாநிலத்தின் தணிக்கையாளர் கணக்கைப் பார்த்தார். காசினோவால் வந்த பாதிப்புக்குச் சம்பந்தமில்லாத காரியங்களுக்கும் மானியம் போயிருந்தது தெரிந்தது. நம் ஊரில் மட்டும் வேறு மாதிரியா நடக்கும்? பணம் வந்தால் போதாது, எதற்கு என்று எழுதிக் கட்டிப்போட வேண்டும்.

இந்தியாவிலும் இந்த நியாயத்தை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைத்தார்கள். தோண்டுகிறவன் ஒரு பங்கு கட்ட வேண்டும், அது தோண்டப்பட்ட ஊருக்கே போக வேண்டும். மண்ணைத் தோண்டினால் ஊருக்குப் பங்கு உண்டு. மனிதனின் மடியைத் தோண்டினால் ஏன் இல்லை?

லாட்டரிப் பணத்தில் நல்லது நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கே.எம்.மாணி நிதியமைச்சராக இருந்தபோது காருண்யா லாட்டரியின் வருமானத்தை வைத்து ஏழைகளின் சிகிச்சைக்கு நிதி தொடங்கினார்கள். புற்றுநோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் அது கைகொடுத்தது. ஆனால் அது கேரளத்துக் குடும்பங்களுக்கான திட்டம். சீட்டு விற்கும்போது ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. சிகிச்சைக்குப் போனால்தான் கேட்கிறார்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்கு 2017-ல் ஆவாஸ் என்று தனிக் காப்பீடு வந்தது. அதில் சிகிச்சைக்குத் தொடக்கத்தில் வைத்த தொகை 15,000 ரூபாய். பெரிய வியாதிக்கு அது ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே தீர்ந்துபோகும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். எல்லைப் பஞ்சாயத்துகளில் எவ்வளவு சீட்டு விற்கிறது என்ற கணக்கை லாட்டரித் துறை வெளியிடட்டும். மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கு அந்தப் பஞ்சாயத்துகளுக்குத் தனியாக வரட்டும். மதுவுக்கு எதிராக 2016-ல் விமுக்தி இயக்கம் தொடங்கினார்களே, அதுபோல் சீட்டுக் கடனில் விழுந்த குடும்பத்துக்கு ஆலோசனையும், வட்டிக்காரனிடமிருந்து மீளக் குறைந்த வட்டிக் கடனும் அந்தப் பங்கில் நடக்கட்டும். பாறசாலையில் வாங்கிய சீட்டுக்காரன் களியக்காவிளையில் படுத்தாலும் அவனுக்குச் சிகிச்சை கிடைக்கட்டும். பஞ்சாயத்துக்குப் பொதுவாக வரும் திட்டப் பணத்தில் இதெல்லாம் அடங்கும் என்று சொல்வார்கள். அடங்கும் என்றால் எந்தத் தலைப்பில் என்று காட்டச் சொல்லுங்கள்.

1994-ன் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராமசபை கூடவேண்டும். இங்கே வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள குடும்பங்கள் நம்மில் நிறைய. அவர்கள் எழுந்து பேச வேண்டும், முக்கியமாகப் பெண்கள். பேர் இல்லாதவர்கள் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். மலையாளம் எழுதத் தெரியாதே என்று பின்வாங்க வேண்டாம். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி செக்ரட்டேரியட்டுக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழர் தமிழிலேயே எழுதலாம். லாட்டரித் துறை இயக்குநருக்குப் போகும் மனு தயாராகி மேஜைமேல் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வரிசையாக வாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம், கேட்டபிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.