நடுகல் இல்லாத மறவர்



போரிற் பட்ட மறவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி வழிபட்ட இனம் தமிழினம். காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லின் படிநிலைகளை வகுத்துரைத்தது தொல்காப்பியம். அவ்வினத்திலேயே, கல்லும் இன்றிப் பெயரும் இன்றி மறக்கப்பட்ட மறவர் கூட்டம் ஒன்று உண்டு.

காவிரி பாய்ந்து நெல் விளைந்தும், விளைவித்தவன் வயிறு நிறையாத காலம். நிலமற்ற உழவர் பலர் நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். கடாரம் கொண்ட சோழனின் படை சென்ற கடலில், சோழநாட்டு உழவன் கூலியாய்ச் சென்றான். வெள்ளையர் தோட்டங்களில் இரப்பர்ப் பால் வெட்டினான்.

1943 சூலையில், சிங்கப்பூரில், சுபாசு சந்திர போசு இந்தியத் தேசியப் படைக்கு ஆள் திரட்டினார். சப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த இந்தியப் படைஞரோடு, பால்வெட்டும் கத்தியன்றி வேறு படைக்கலம் அறியாத தோட்டத் தமிழரும் ஆயிரக்கணக்கிற் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரிற் பயிற்சி தொடங்கிய சான்சி அரசி படைப்பிரிவில் தோட்டத் தமிழ்ப் பெண்கள் திரண்டனர். பின்னாளில் சானகி ஆதி நாகப்பன் எனப் பெயர்பெற்றவர், தம் பதினெட்டாம் அகவையில் அதிற் சேர்ந்து துமுக்கி ஏந்தினார். துணைநின்ற சப்பானோ, சயாம் - பருமாத் தொடர்வண்டிப் பாதையில் இவர்தம் உறவினரையே பல்லாயிரவராய்ச் சாகவிட்டது. அக்கொடுமைக்கிடையிலும் இவர்கள் வேண்டியது தாய்மண்ணின் விடுதலையே.

1945 சூலையில், மாண்டோர் நினைவாகச் சிங்கப்பூர்க் கடற்கரையிற் போசு கல் நாட்டினார். செப்டம்பரில் மீண்டு வந்த ஆங்கிலேயர் அந்நினைவுச் சின்னத்தைத் தகர்த்தெறிந்தனர். படைத்தலைவர் மூவர்மீது செங்கோட்டையில் நடந்த வழக்கை நாடே அறிந்தது. தோட்டத் தொழிலாளியோ மீண்டும் இரப்பர் மரத்தடிக்கே திரும்பினான். 1972இல் இந்திய அரசு விடுதலைப் போராளிகட்கு ஓய்வூதியம் வகுத்தபொழுது சிறைச்சான்று கேட்டது. ஏட்டிற் பெயரில்லாதவன் எச்சான்றைக் காட்டுவான்?

பிலிப்பைன்சு நாட்டைப் பாருங்கள். அமெரிக்கக் கொடியின்கீழ்ச் சப்பானை எதிர்த்த 2,50,000க்கும் மேற்பட்ட மறவர்க்கு உறுதியளித்த உரிமைகளை, 1946இல் அமெரிக்கா சட்டமியற்றிப் பறித்தது. அவர்கள் ஓயவில்லை, அவர்தம் மக்களும் ஓயவில்லை. 2009இல் ஒருமுறை வழங்கும் தொகையும், 2017இல் அமெரிக்கப் பேராயத்தின் பொற்பதக்கமும் பெற்றனர். அவர்கள் சப்பானை எதிர்த்தனர். இவர்கள் சப்பானோடு நின்றனர். அணி வேறு; அடைந்த மறதி ஒன்றே. ஆயின் அங்கே மறதியை எதிர்த்துப் போராட மக்கள் இருந்தனர்.

தஞ்சை, நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிச் சிற்றூர்களில் மலாயாவுக்குச் சென்றோரின் குடும்பங்கள் உள்ளன. முதியோர் சொல்லும் பெயர்களைக் கேட்டெழுதுக. பழம்பெட்டியிற் கிடக்கும் மடல்களையும் படங்களையும் தொகுத்திடுக. நடுகல்லுக்குரிய முதற்படியாகிய காட்சி, தக்க கல்லைத் தேடிக் காண்பது. இம்மறவர்க்கோ முதலிற் காண வேண்டியது பெயர். பெயர் கிடைத்தபின் கல் எழும்.