ஓட இடமும் கொடுத்து, ஒழுங்கும் வைப்பது எப்படி?

(சென்ற காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். கீழே டிபன் தயாராகிக்கொண்டிருக்கிறது, வாசனையும் வருகிறது. சுருக்கமாகவே பேசுகிறேன்.

பின்பக்க டிரைவ்வேயில் பிள்ளைகள் சைக்கிளும் ஸ்கேட்டிங்கும் ஓட்டுவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று போன கூட்டத்தில் ஒரு மனு வந்தது, ஞாபகம் இருக்கும். அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. பால் வாங்கப் போன என் மனைவி மேல் ஒரு சைக்கிள் மோதி, மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. அந்தக் கோபத்தில் போட்ட கையெழுத்து. இன்று அதை வாபஸ் வாங்க வந்திருக்கிறேன். காரணம் சொல்ல, உங்களைக் கொஞ்சம் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

போன வருஷம் சாக்ரமென்டோ பக்கம் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை 'பிரெய்ரி சிட்டி' என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். மேடு, பள்ளம், புழுதி. அதில் மோட்டார் பைக்குகளும், நாலு சக்கர ஏடிவி வண்டிகளும், ஜீப்புகளும் பாய்கின்றன. பத்து வயசுப் பையன்கூட ஹெல்மெட்டோடு குட்டி பைக்கில் போகிறான். "யாருடைய இடம் இது?" என்று கேட்டேன். "மாநில அரசு நடத்தும் பூங்கா மாமா" என்றார். நான் தணிக்கைத் துறையில் இருந்தவன். அடுத்த கேள்வி என்ன வரும், உங்களுக்கே தெரியும்: "யார் வீட்டுப் பணம்?"

அங்கேயும் ஒரு காலத்தில் நம் டிரைவ்வே கதைதான். காடு, மலை, பாலைவனம் என்று கண்ட இடத்தில் வண்டி ஓட்டினார்கள். மண் அரித்தது, செடிகள் நாசமாயின, அக்கம்பக்கத்தார் சத்தத்தில் தவித்தார்கள். 1971-இல் சாப்பி, இசட்பெர்க் என்ற இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. ஓட்டுவதற்கென்று இடம் ஒதுக்கு, அதை ஒழுங்காகப் பராமரி, அதற்கான பணத்தை ஓட்டுகிறவர்களிடமிருந்தே எடு. சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

பணம் மூன்று வழியில் வருகிறது. ஒன்று, வண்டிப் பதிவுக் கட்டணம். கட்டினால் பச்சை ஸ்டிக்கர் தருவார்கள். இரண்டு, பூங்கா நுழைவுக் கட்டணம். மூன்றாவதுதான் சுவாரஸ்யம். பெட்ரோல் மேல் போடும் வரி சாலை போடுவதற்காக. சாலைக்கு வெளியே எரியும் பெட்ரோலுக்கு அந்த நியாயம் பொருந்தாதே? அதனால் அந்த அளவுக்கான வரியைப் பிரித்து இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். எல்லாம் தனி நிதி. 1991-இல் மத்திய அரசும் இதே தர்க்கத்தில் பொழுதுபோக்குப் பாதைகளுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. அதில் 30 சதவீதம் மோட்டார் வண்டிப் பாதைகளுக்கு, 30 சதவீதம் நடை, சைக்கிள், குதிரைப் பாதைகளுக்கு, மீதி 40 பல தரப்பினரும் பயன்படுத்தும் பாதைகளுக்கு.

கலிஃபோர்னியா நிதியில் ஒரு பகுதி வருஷா வருஷம் மானியமாகப் போகிறது. மாவட்ட நிர்வாகம், நகராட்சி, மத்திய வனத்துறை, லாப நோக்கமற்ற அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். எந்த வேலைக்கு எவ்வளவு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. 50 சதவீதம் பாதைப் பராமரிப்புக்கும் நிர்வாகத்துக்கும். 25 சதவீதம் சீரழிந்த நிலத்தை மூடி, செடி நட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவர. 20 சதவீதம் ரோந்துக்கும் சட்ட அமலாக்கத்துக்கும். 5 சதவீதம் பாதுகாப்புக் கல்விக்கு.

அந்த 25 சதவீதத்தைப் பாருங்கள். வண்டி ஓட்டியவர் கட்டிய பணமே வண்டி கெடுத்த நிலத்தைச் சரிசெய்கிறது. வண்டியே ஓட்டாத ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் இந்த வேலைக்கு அதே நிதியில் விண்ணப்பம் போடலாம்.

முழுச் செலவையும் அரசு தராது, விண்ணப்பிப்பவரும் தன் பங்கைப் போட வேண்டும். கையில் காசு இல்லையென்றால் தொண்டர்களின் உழைப்பையும் பங்காகக் கணக்கிடுவார்கள். மண்ணைத் தொடும் வேலையானால் மண் பாதுகாப்புத் திட்டமும் வனவிலங்குப் பாதுகாப்புத் திட்டமும் காட்ட வேண்டும். முதல் வரைவு விண்ணப்பத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். அதற்குப் பிறகுதான் இறுதி விண்ணப்பம், மதிப்பெண், பணம். சத்தத்துக்கும் வரம்பு உண்டு: 1986 முதல் செய்த வண்டிகளுக்கு 96 டெசிபல்.

இதனால் சண்டையே இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. ஓஷியானோ மணல்மேடுகளில் பறவைகளுக்காகவும் புழுதிக்காகவும் பல வருஷத் தகராறு. வண்டிகளைப் படிப்படியாக நிறுத்தக் கடலோர ஆணையம் 2021-இல் முடிவெடுத்தது. 2023-இல் நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. தனி நிதி இருந்தால் தகராறு மறையாது. ஆனால் தகராறுக்கு ஒரு மேஜையும் கணக்குப் புத்தகமும் கிடைக்கிறது. அவ்வப்போது காலாவதித் தேதி போட்டு நீட்டித்து வந்த இந்தத் திட்டத்தை 2017-இல் நிரந்தரமாக்கினார்கள் என்றால், இரு தரப்புக்கும் அதில் ஏதோ கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, நம் பின்பக்கத்துக்கு வருகிறேன். மனுவுக்குப் பதிலாக என் யோசனை இது.

மாலை நாலரை முதல் ஆறரை வரை பின்பக்கம் பிள்ளைகளுக்கு. அந்த நேரம் கார் அந்த வழியாக வரக்கூடாது. மற்ற நேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர் வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டி ஸ்டிக்கர் வாங்கட்டும். அந்தப் பணம் மெயின்டனன்ஸ் தொகையோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்கட்டும். அதில் பாதி வளைவில் கண்ணாடிக்கும் வேகத்தடைக்கும் தரைப் பூச்சுக்கும். கால் பங்கு, சைக்கிள் ஏறிச் சிதைந்த செம்பருத்தி வேலியைத் திரும்ப வளர்க்க. மீதி, அந்த இரண்டு மணி நேரம் நிற்கும் வாட்ச்மேனுக்கும் பிள்ளைகளுக்கு ஒருநாள் பயிற்சிக்கும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும், அதுவே பங்கு. தீர்மானம் போடுவதற்கு முன் வரைவு இரண்டு வாரம் நோட்டீஸ் போர்டில் தொங்கட்டும். எதிர்ப்பு இருந்தால் பெயர் போட்டு எழுதுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கோபப் பொம்மை போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த என் மனைவி கேட்டாள்: "இங்கேயிருந்து துரத்தினால் அந்தப் பையன் எங்கே போய் ஓட்டுவான்? மெயின் ரோட்டில்தானே? அங்கே தண்ணி லாரி வருமே."

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று சொன்னதுதான் என் பதில். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு வரும்போது, அந்தப் பையனையும் அந்தக் கட்டுப் போட்ட கையையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

டிபன் ஆறிவிடும், வாருங்கள்.