இரத்தமும் இலையும் யாருக்குச் சொந்தம்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மரபணு ஆராய்ச்சி பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டபோது தயங்கினேன். நான் விஞ்ஞானி அல்ல. பாறசாலைக்குப் பக்கத்தில் பிறந்து, வயிற்றுப் பிழைப்புக்காக உங்களைப் போலவே இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தவன். ஆனால் இந்த ஆராய்ச்சி எங்கள் எல்லைக் கிராமங்களின் வாசலுக்கே வந்துவிட்டது. ஒரு முறை காய்ச்சலின் உருவத்தில் வந்தது. இன்னொரு முறை அகத்தியர் மலையில் முளைக்கும் ஒரு சின்னஞ்சிறு செடியைத் தேடி வந்தது. இரண்டு கதைகளையும் உங்கள் முன் வைக்கிறேன். விஞ்ஞானம் அறியாதவனும் கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்வி எனக்கு உண்டு. எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதிலிருந்து எங்களுக்குத் திரும்பி வந்தது என்ன?

முதலில் எங்கள் மண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள். 1956 நவம்பர் முதல் தேதி எல்லைக்கோடு போட்டார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. கிடைக்கவில்லை. களியக்காவிளையில் அண்ணன், பாறசாலையில் தம்பி என்று குடும்பங்கள் இரண்டு மாநிலங்களில் நின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் நிற்கவில்லை. அகத்தியர் மலையில் பிறந்து, நெய்யாற்றின்கரை வழியாக ஓடி, பூவாற்றில் கடலில் விழும் நெய்யாற்றின் தண்ணீர்கூட, இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்தது 2004-ல் நின்றுபோனது. கோடு மனிதனையும் தண்ணீரையும் தடுக்கும். கொசுவைத் தடுக்குமா?

2021 ஜூலை 8-ந் தேதி கேரளத்தின் முதல் ஜிகா காய்ச்சல் உறுதியானது. பாறசாலைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணித் தாய்க்கு வந்திருந்தது. இரத்த மாதிரி புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிலையத்துக்குப் போய், அங்கிருந்துதான் முடிவு வந்தது. கொரோனாவில் நாடே மூச்சுத்திணறிக் கிடந்த நேரம் அது. ஜூலை 8 முதல் 26 வரை 590 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் மேலும் 70 பேருக்கு இருப்பது தெரிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தமிழக அரசு களியக்காவிளை எல்லையில் கண்காணிப்பைக் கூட்டியது. நாம் இங்கே இருந்துகொண்டு ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கர்ப்பமாக இருக்கும் பெண் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஜிகா பெரும்பாலோரைக் கொல்லாது. லேசான காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு வந்தால் ஆபத்து அதிகம். 2015-ல் பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் பிறந்ததை உலகம் பார்த்தது. அப்படியானால் பாறசாலைக்கு வந்த கிருமி எந்த வகை? எந்த வழியில் வந்தது? இதைச் சொல்லக்கூடியது மரபணு வரிசை வாசிப்பு ஒன்றுதான்.

அது என்ன என்று எளிமையாகச் சொல்கிறேன். நம் தமிழுக்கு 247 எழுத்துகள். உயிருக்கு நான்கே எழுத்துகள். அந்த நான்கு இரசாயன எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கித்தான் புல் பூண்டு முதல் மனிதன் வரை எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. மனிதனின் ஏட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஜிகா கிருமியின் ஏட்டில் சுமார் 10,800 எழுத்துகள்தான். ஏடு எழுதுகிறவன் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை விடுவதைப் போல, கிருமியும் பெருகும்போது பிழை விடுகிறது. ஒரே பிழை உள்ள இரண்டு பிரதிகள் ஒரு மூலத்திலிருந்து வந்தவை என்று ஏடு பதிப்பிக்கும் புலவர்கள் கண்டுபிடிப்பார்கள் அல்லவா? அதே முறைதான் இங்கேயும். இந்தியாவில் பரவும் ஜிகா, ஆசிய வம்சத்தைச் சேர்ந்தது என்று அப்படித்தான் தெரிந்தது. 2018-ல் இராஜஸ்தானில் ஜிகா பரவியபோதும் கிருமியின் வரிசையைப் படித்து, குழந்தையின் தலை சிறுப்பதோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட மாற்றம் அதில் இல்லை என்று சொல்ல முடிந்தது.

ஆகவே இந்த ஆராய்ச்சியை வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. இது பாமர மக்களின் உயிரைக் காக்கும் ஆயுதம். மனிதனின் ஏட்டைப் படித்ததால் வந்த பயனுக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையும் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்தையும் சேர்ந்த நம்மவர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009-ல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன நிலை இந்தியர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இதயம் பலவீனப்படும் ஆபத்து சுமார் ஏழு மடங்கு அதிகம். நாற்பத்தைந்து வயதில் ஓட்டுநர் சீட்டிலேயே சாய்ந்துவிட்டார், பாரம் தூக்கும்போது விழுந்துவிட்டார் என்று நாம் எத்தனை தோழர்களுக்கு இரங்கல் கூட்டம் நடத்தியிருக்கிறோம்! எல்லாவற்றுக்கும் மரபணுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பீடியும் கடன் கவலையும் பதினாலு மணி நேர வேலையும் இல்லையா? ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கிற ஒரு வழி இருக்கிறது என்றால் அது பணக்காரனுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும்?

இன்னொரு விஷயத்தையும் இந்த ஆராய்ச்சி சொல்லிவிட்டது. இந்த நாட்டு மக்கள் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒருவரோடு ஒருவர் பெரிதும் கலந்தார்கள், அதன் பிறகுதான் தனித்தனி வேலிக்குள் அடைந்தார்கள் என்று 2013-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. சுத்த இரத்தம் என்று மார்தட்டுகிறவர்களுக்கு இது பதில். வேலிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் எடுத்ததால், அபூர்வமான பரம்பரை நோய்கள் சில வேலிகளுக்குள் குவிந்து கிடக்கின்றன. மாமன் மகள், அத்தை மகள் என்று முறை பார்த்துக் கட்டும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

இனி என் வீட்டுக் கதை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருக்கும் என் பெரியக்காவுக்கு எழுபது வயது. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். மலையாளம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. சில வருஷங்களுக்கு முன் மருத்துவமனை ஒன்றில் அவரிடம் இரத்தம் எடுத்தார்கள். வழக்கமான சோதனைக்குப் போக ஒரு குழாய் அதிகமாக எடுத்து, நாலு பக்கத் தாள் ஒன்றையும் நீட்டினார்கள். நான் ஊருக்குப் போனபோது அந்தத் தாளைப் பார்த்தேன். ஆராய்ச்சிக்குச் சம்மதம் தரும் தாள் அது. ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. "இது என்னவென்று தெரிந்தா அக்கா கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டேன். "மக்களே, ஒப்பு போடச் சொன்னாவ, போட்டேன். என்னத்துக்குன்னு ஆருக்குத் தெரியும்?" என்றார். அந்த இரத்தத்தில் என்ன படித்தார்கள் என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது. நல்ல காரியத்துக்குத்தான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் தோழர்களே, ஒரு மனிதனின் 300 கோடி எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, அவன் தாய்மொழியில் நாலு பக்கம் எழுதித் தரத் தெரியாதா?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், சம்மதம் கேட்பவன் கொடுப்பவனுக்குப் புரிகிற மொழியில் கேட்க வேண்டும் என்கின்றன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்கிறது. மனு எழுதத் தமிழ் உண்டு. உடம்பிலிருந்து இரத்தம் எடுக்கும்போது மட்டும் தமிழ் இல்லையா?

இரண்டாவது கதைக்கு வருகிறேன். நெய்யாறு பிறக்கும் அதே மலைக்கு ஏறுவோம். அங்கே காணி மக்கள் வாழ்கிறார்கள். கேரளப் பக்கம் கோட்டூர்க் காட்டிலும், தமிழகப் பக்கம் பேச்சிப்பாறை, முண்டந்துறை மலைகளிலும் அவர்கள் உண்டு. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் அந்த மலையில் ஏறினார்கள். வழிகாட்டிய காணி இளைஞர்கள் வழியெல்லாம் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். மூச்சிரைத்த விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். தெம்பு வந்தது. எந்தச் செடி என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள். அது குலத்தின் இரகசியம். வற்புறுத்திக் கேட்ட பிறகே காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. 1995-ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்குத் தயாரிப்பு உரிமை வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். அதோடு விற்பனையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய். இதில் பாதியைக் காணிகளுக்குத் தருவது என்று முடிவாயிற்று. 1997-ல் கேரளக் காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் என்ற அறக்கட்டளை உருவாகி, 1999-ல் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்குக்கு வந்தது. அறிவைக் கொடுத்தவனுக்கும் பங்கு என்று ஒத்துக்கொண்டதால் உலகமே இதைப் பாராட்டியது. பாராட்டுக்குரியதுதான். ஆனால் அறக்கட்டளையின் பெயரைக் கவனியுங்கள். 'கேரளக் காணி' என்று இருக்கிறது. மலையின் மறு சரிவில் இருக்கும் காணி என்ன பாவம் செய்தான்? பாட்டன் ஒருவன், மொழி ஒன்று, செடி ஒன்று. 2016-ல் யுனெஸ்கோ அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தைத் தன் பட்டியலில் சேர்த்தபோது இரண்டு மாநிலத்து மலையையும் ஒன்றாகத்தான் சேர்த்தது. பங்கு என்று வரும்போது மட்டும் 1956-ன் கோடு மலை உச்சி வரை ஏறிவிடுகிறது!

இப்போது மரபணு இங்கேயும் வருகிறது. 2019-ல் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியப்பச்சையின் மரபணு ஏட்டைப் படித்து வெளியிட்டார்கள். சுமார் 71 கோடி எழுத்துகள். நம் ஊர் ஆய்வாளர்கள், நம் ஊர்ப் பல்கலைக்கழகம். இதில் பெருமைப்பட வேண்டும். அழிந்துவரும் செடியைக் காப்பதற்கும் இந்த அறிவு வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1987-ல் இலை வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும், காணியைக் கேட்க வேண்டும். மரபணு ஏடு கணினியில் ஏறிய பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த எழுத்துகளைப் பார்த்து, மருந்துப் பொருளைச் செய்யும் நொதியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வழி தேடலாம். இலை மலையிலேயே இருக்கும். அதன் பலன் மட்டும் கடல் தாண்டிப் போய்விடும்.

இந்த அபாயத்தை உலக நாடுகளும் உணர்ந்துவிட்டன. உயிரினப் பன்மை உடன்படிக்கையின் கீழ் 2025 பிப்ரவரியில் 'காலி நிதி' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். கணினியில் உள்ள மரபணு வரிசைகளைக் கொண்டு சம்பாதிக்கும் பெரிய கம்பெனிகள் இலாபத்தில் நூற்றுக்கு ஒன்று, அல்லது வருமானத்தில் ஆயிரத்துக்கு ஒன்று அதில் செலுத்த வேண்டும் என்றும், குறைந்தது பாதித் தொகை பழங்குடி மக்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்றும் பேச்சு. நல்ல பேச்சு. ஆனால் கம்பெனியைக் கட்டாயப்படுத்த அதில் வழியில்லை. மனம் இருந்தால் கொடுக்கலாம். முதலாளிக்குத் தானாக மனம் வந்த வரலாறு நம் தொழிற்சங்கத் தோழர்களுக்கு நன்றாகத் தெரியும்!

எனவே நம் சங்கம் இரண்டு மாநில அரசுகளுக்கும் அனுப்ப வேண்டிய மனுவில் நான்கு கோரிக்கைகளை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, எல்லைத் தாலுகாக்களில் ஆராய்ச்சிக்காக இரத்தம் எடுத்தால் சம்மதத் தாள் தமிழிலும் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாய்ப்பேச்சில் விளக்க வேண்டும். இரண்டு, ஆராய்ச்சி முடிந்ததும் கண்டது என்ன என்பதை எளிய துண்டறிக்கையாக அந்த ஊருக்கே திருப்பித் தர வேண்டும். மூன்று, எல்லையில் புதுக் காய்ச்சல் தோன்றினால் பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே நாளில் அறியும்படி இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் கிருமியின் வரிசை விவரங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நான்கு, ஆரோக்கியப்பச்சையிலிருந்து இனி வரும் எந்த வருமானத்திலும் மலையின் இரு பக்கத்துக் காணிகளுக்கும் பங்கு வேண்டும்.

இதெல்லாம் பெரிய இடத்து விஷயம், கூலிக்காரனுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எல்லைக்கோடு போட்டதும் பெரிய இடத்து விஷயம்தான். அதன் கஷ்டத்தை அனுபவித்தவர்கள் யார்? அடுத்த முறை ஊருக்குப் போகும் தோழர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்களிடம், இப்படி ஏதாவது தாளில் ஒப்பு போட்டீர்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். என் அக்காவுக்கு நான் வாசித்துச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றார்.

நம் மக்கள் கொடுக்க மறுப்பவர்கள் அல்ல. கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைச் சொல்லுங்கள் என்கிறார்கள். இதைத்தான் நம் மனுவும் சொல்ல வேண்டும்.