தனிப் பந்தியும் தனி மணியும்



தண்பொருநை பாயும் நமது நெல்லைச் சீமையிலே, சேரன்மாதேவி என்னும் ஊரை நீங்கள் மறந்திருக்க முடியாது. அங்கு நடந்த குருகுலத்திலே பாடம் ஒன்று, பந்தி மட்டும் இரண்டு! பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனி இடம். மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடம். வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் மூட்டிய எதிர்ப்புத் தீ 1925-இல் தமிழகமெங்கும் பரவிற்று. பசி ஒன்றாயிருக்கப் பந்தி ஏன் இரண்டு என்று நாடே கேட்டது.

அந்தப் பந்தி ஒழிந்தது. பந்தியைப் பிரித்த மனம் ஒழிந்ததா?

பொருநை கடலோடு கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலே பிறந்தவர் கிரேஸ் பானு. தாழ்த்தப்பட்ட குடியிலே பிறந்த திருநங்கை. அவர் பள்ளிக்குச் சென்ற நாளிலே மற்றப் பிள்ளைகள் காலை 9.30 மணிக்கு வரலாம். அவர் 10 மணிக்குத்தான் வரவேண்டும். மாலையிலே மற்றவர் புறப்படுமுன்பே அவர் வெளியேறிவிட வேண்டும். அவரோடு பழகும் பிள்ளைக்குத் தண்டனை! சேரன்மாதேவியிலே இலையைப் பிரித்தார்கள். இங்கே மணியையே பிரித்தார்கள்.

படிப்பு இடையிலே அறுந்தது. ஆயினும் அவர் ஓயவில்லை. கணினிப் பொறியியலில் பட்டயம் பெற்றார். மென்பொருள் நிறுவனத்திலே வேலை கிடைத்தது. புறக்கணிப்பு அங்கேயும் தொடர்ந்தது. வேலையை உதறினார். திருநங்கையருக்குப் பொறியியல் கல்வியில் இடமுண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அண்ணா பல்கலைக்கழகத்தைக் கேட்டார். 2014-இல் பொறியியல் கல்லூரியிலே சேர்ந்தார். தமிழ்நாட்டில் அவ்வாறு சேர்ந்த முதல் திருநங்கை அவரே.

தனக்குக் கதவு திறந்ததும் உள்ளே சென்று தாழிட்டுக்கொள்வோர் உண்டு. இவரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், பின்னால் வருவோருக்காக! ஆண், பெண் என்ற இரண்டே கட்டங்கள் கொண்ட விண்ணப்பத்தால் காவல்துறைத் தேர்வில் தடுக்கப்பட்டார் பிருத்திகா யாசினி. 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தந்த தீர்ப்பால் அவர் உதவி ஆய்வாளரானார். அந்தப் போராட்டத்தில் துணை நின்றவர் பானு. அவர் மகளாக ஏற்ற தாரிகா பானுவோ, சித்த மருத்துவம் பயில நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அகத்தியர் வாழ்ந்ததாகச் சொல்லும் பொதிகையின் பெருமையைப் பாடுகிறோம். அந்த மருத்துவம் படிக்க வந்தவளை வழக்காட வைத்தோம்!

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழக்குத் தொடுத்துத்தான் வாழவேண்டுமா? இங்குதான் பானுவின் கோரிக்கை எழுகிறது: கிடைமட்ட இட ஒதுக்கீடு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ளதுபோல், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்க்கென ஒரு பங்கு. சாதியால் வந்த சுமை ஒன்று. பாலினத்தால் வந்த சுமை மற்றொன்று. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் கணக்கு முடித்தால், இரண்டாவது சுமை எவர் கண்ணுக்கும் தெரியாது. 2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றமே அவர்களுக்கு ஒதுக்கீடு தேவை என்றது. கருநாடகம் 2021-இல் அரசுப் பணிகளிலே 1 சதவீதம் கிடைமட்டமாகத் தந்தது.

"மிகச் சிலர்தானே?" என்பர் சிலர். 2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டில் பதிவானவர் 22,364 பேர். சிலர் என்பதால் உரிமை சுருங்குமா? வாக்குப் பெட்டியை நிரப்ப முடியாதவருக்கு நீதி வழங்குவதன்றோ சமூக நீதிக்கு உண்மையான சோதனை!

2008-இல் இந்தியாவிற்கே வழிகாட்டியாக நல வாரியம் அமைத்த நாடு நமது தமிழ்நாடு. "திருநங்கை" என்னும் மதிப்பான சொல்லைப் பரப்பிய நாடும் இதுவே. நல்ல பெயர் தந்தோம், நாற்காலி தந்தோமா? உதவித்தொகை ஒரு நாள் பசியை ஆற்றும். உத்தியோகம் தலையை நிமிர்த்தும். முன்னது இரக்கம், பின்னது உரிமை.

ஆகவே தோழர்களே, கடைவீதியிலே கைதட்டி நிற்கும் சகோதரியைக் கண்டால், காசு தருவதா வேண்டாமா என்று மட்டும் எண்ணாதீர்கள். இவளை எந்தப் பள்ளி வெளியேற்றிற்று, எந்த வீடு துரத்திற்று என்று எண்ணுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலே ஒரு பிள்ளை ஒதுக்கப்பட்டால், அன்றே தலைமையாசிரியரிடம் செல்லுங்கள். வீடு துரத்தினால் பெற்றோரிடம் பேசுங்கள். தனிப் பந்தியை எதிர்த்த மரபு நமது மரபு. தனி மணியைக் கண்டு வாளாவிருப்பது அம்மரபுக்கு இழுக்கு!